கார்பன் கணக்குப் பயிற்சி: எங்கே படிப்பது, எதில் கை பழகுவது?

கேள்வியின் சுருக்கம்: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் நடுத்தர நிறுவனம். பராமரிப்புப் பிரிவுப் பொறியாளரைக் கூப்பிட்டு, "வாடிக்கையாளர் பசுங்குடில் வாயுக் கணக்கு (கார்பன் டை ஆக்சைடு போன்ற, பூமியைச் சூடாக்கும் வாயுக்களை எவ்வளவு வெளியிடுகிறோம் என்ற கணக்கு) கேட்கிறார், இனி இதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், ஏதாவது ஒரு பயிற்சிக்கும் போய்விட்டு வாருங்கள்" என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. எந்தப் பயிற்சி உதவும்? திரும்பி வந்து கணக்கை எப்படிப் போடுவது?

பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இரண்டு வேலைகளை முடியுங்கள். ஒன்று, வாடிக்கையாளரின் கடிதத்தை வரிவரியாகப் படித்து, அவர் கேட்பது எந்தக் கணக்கு என்று பிரித்தறியுங்கள். இரண்டு, 12 மாத மின்கட்டண பில், டீசல் பில், கேஸ் சிலிண்டர் பில், ஏசி பராமரிப்புச் சீட்டு இவற்றை ஒரு கோப்பில் சேருங்கள். இவை இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்தால் மாதிரி நிறுவனத்தின் கணக்கைப் போட்டுவிட்டுத் திரும்புவீர்கள். இவற்றோடு போனால், உங்கள் ஆலையின் சிக்கலையே கேள்வியாகக் கேட்கலாம். இந்தத் துறையில் பெருக்கலும் கூட்டலும் பத்தாம் வகுப்புக் கணக்குதான். எது உங்கள் கணக்கில் சேரும், எது சேராது என்று எல்லை வரைவதும் ஆதாரம் திரட்டுவதும்தான் நாளைத் தின்னும்.

கேட்பது எந்தக் கணக்கு என்பதில் மூன்று வகை உண்டு. நிறுவனம் முழுவதற்குமான ஆண்டுக் கணக்கு என்றால் பசுங்குடில் வாயுக் கணக்குக்கான பன்னாட்டு நெறிமுறையான ஜிஹெச்ஜி புரோட்டோகாலின் கார்ப்பரேட் ஸ்டாண்டர்டும் ஐஎஸ்ஓ 14064-1 தரமும். ஒரு பொருளுக்கு, அதாவது ஒரு பிரேக் டிரம்முக்கு எத்தனை கிலோ என்று கேட்டால் அது ஐஎஸ்ஓ 14067. அதற்குத் தனிப் பயிற்சி. ஐரோப்பாவுக்குப் போல்ட், நட் ஏற்றுமதி செய்து, அங்குள்ள இறக்குமதியாளர் கேட்டால் பெரும்பாலும் அது சிபாம் எனப்படும் எல்லைக் கார்பன் வரிக்கான கணக்கு. அது 2023 அக்டோபரில் அறிக்கை அளவில் தொடங்கி, 2026 ஜனவரி 1 முதல் முழு நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளே வேறு: கம்பியை உருக்கிய எஃகு ஆலையின் உமிழ்வும் உங்கள் போல்ட்டின் தலையில் ஏறும். நிறுவனக் கணக்குப் பயிற்சிக்குப் போய்வந்து சிபாம் படிவத்தை நிரப்ப முயல்பவர்கள் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

உங்கள் வாடிக்கையாளர் உள்நாட்டுக் கார் அல்லது லாரி நிறுவனமாக இருந்தால் காரணம் அநேகமாகப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டிலிருந்து சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய பிஆர்எஸ்ஆர் அறிக்கை கட்டாயம். 2023 ஜூலையில் வந்த பிஆர்எஸ்ஆர் கோர் அதில் முக்கிய எண்களுக்கு வெளியாரின் சரிபார்ப்பையும் சேர்த்தது. முதல் 250 நிறுவனங்கள், தங்கள் கொள்முதலில் 2 சதவீதமோ அதற்கு மேலோ தரும் சப்ளையர்களின் விவரங்களையும் தன்விருப்பமாக வெளியிடலாம் என்ற ஏற்பாடும் இருக்கிறது. கடிதம் உங்கள் மேசைக்கு வந்த வழி அது.

இனி பயிற்சி. சந்தையில் நாலைந்து வகை கிடைக்கின்றன. ஜிஹெச்ஜி புரோட்டோகால் தானே நடத்தும் இணையப் பாடங்கள், கிரீன்ஹவுஸ் கேஸ் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட்டின் இணையப் பாடங்கள் ஆகியவை அடிப்படையை ஒழுங்காகச் சொல்லித் தரும். ஆனால் எடுத்துக்காட்டுகள் நம் ஊர் பில்லோடு ஒட்டாது. சான்றளிப்பு நிறுவனங்கள் நடத்தும் ஐஎஸ்ஓ 14064-1 பயிற்சி இரண்டு மூன்று நாள் இருக்கும்; உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது இதுதான். அவர்களே விற்கும் 'லீட் வெரிஃபையர்' பயிற்சி ஐந்து நாள், கடைசியில் தேர்வு. பெயர் கம்பீரமாக இருப்பதால் பலரும் அதற்கே ஓடுகிறார்கள். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு யாருடைய கணக்கையும் நீங்கள் தனியாளாகச் சரிபார்த்துக் கையெழுத்திட முடியாது. ஐஎஸ்ஓ 14065 தரத்தின்படி அங்கீகாரம் பெறுவது நிறுவனம், தனிநபர் அல்ல. இந்தியாவில் அந்த அங்கீகாரத்தைச் சான்றளிப்பு அமைப்புகளுக்கான தேசிய அங்கீகார வாரியம் (என்ஏபிசிபி) வழங்குகிறது. சரிபார்ப்பு நிறுவனத்தில் வேலைக்குச் சேரும் எண்ணம் இருந்தால் ஐந்து நாள் பயிற்சி சரி. ஆலைக் கணக்கு போட அது தேவையில்லை. உங்கள் ஆலையில் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ நடத்தும் தேர்வு எழுதித் தேறிய எரிசக்தி மேலாளர் யாராவது இருந்தால் அவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பாதித் தரவு ஏற்கெனவே அவரிடம் இருக்கும்.

பயிற்சி நடத்துவோரிடம் கேட்க வேண்டியது: அசல் பில்களிலிருந்து கணக்கு போட வைப்பீர்களா? காற்றாலை மின்சாரம் சரிக்கட்டப்பட்ட உயர் அழுத்த பில்லை எப்படிக் கையாள்வது என்று சொல்லித் தருவீர்களா? ஸ்கோப் 3-க்கு எவ்வளவு நேரம்? வெறும் ஸ்லைடு ஓட்டுபவர்கள் இரண்டாவது கேள்விக்கே மழுப்புவார்கள். (ஸ்கோப் 1 என்பது உங்கள் இடத்தில் நேரடியாக எரிவதும் கசிவதும்; ஸ்கோப் 2 வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வு; ஸ்கோப் 3 மூலப்பொருள், போக்குவரத்து போன்ற மற்ற மறைமுக உமிழ்வுகள்.)

வகுப்பில் முதலில் வருவது எல்லை. உரிமைப் பங்கின்படியா, நிதிக் கட்டுப்பாட்டின்படியா, இயக்கக் கட்டுப்பாட்டின்படியா என்று ஒன்றைத் தேர்ந்து, எல்லா இடத்துக்கும் அதையே பின்பற்ற வேண்டும். பெரும்பாலான ஆலைகள் இயக்கக் கட்டுப்பாட்டை, அதாவது அன்றாடம் இயக்குவது யார் கையில் என்பதை, தேர்கின்றன. கேட்க எளிது, ஆனால் ஒப்பந்தக்காரர் நடத்தும் கேன்டீன் அடுப்பு யாருடையது? வாடகை ஃபோர்க்லிஃப்ட்? ஆட்களை ஏற்றிவரும் ஒப்பந்தப் பேருந்து? நடைமுறையில் கேன்டீன் உங்கள் வளாகத்துக்குள், நீங்கள் வாங்கித் தரும் சிலிண்டரில் ஓடினால் ஸ்கோப் 1-இல் வையுங்கள். ஃபோர்க்லிஃப்ட் உங்கள் ஆள் ஓட்டி, உங்கள் டீசல் குடித்தால் அதுவும் ஸ்கோப் 1. பேருந்து, உரிமையாளரே டிரைவரும் டீசலும் போட்டு ஓட்டினால் ஸ்கோப் 3-இல் ஊழியர் பயணம். எதை எங்கே வைத்தாலும் ஏன் வைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு வேறொருவர் வந்து மாற்றி வைத்தால் உமிழ்வு திடீரென்று குறைந்ததுபோல் தெரியும். சரிபார்ப்பாளர் அங்கேதான் விரலை வைப்பார்.

இப்போது எண்களுக்கு வருவோம். ஓர் ஆலை, ஆண்டுக்கு 14,40,000 யூனிட் மின்சாரம், ஜெனரேட்டருக்கு 18,000 லிட்டர் டீசல், கேன்டீனுக்கு 19 கிலோ சிலிண்டர் 120, ஏசிகளில் நிரப்பிய ஆர்-410ஏ குளிர்வாயு 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

டீசல்: ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டியில் ஒரு டெராஜூலுக்கு 74,100 கிலோ, நிகர எரிமதிப்பு கிலோவுக்கு 43 மெகாஜூல், அடர்த்தி 0.84 என்று எடுத்தால் லிட்டருக்குச் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக 48.2 டன். சிலிண்டர்: 2,280 கிலோ எல்பிஜி, கிலோவுக்கு 2.985, ஆக 6.8 டன். குளிர்வாயு: ஐபிசிசி ஐந்தாம் மதிப்பீட்டறிக்கையின்படி ஆர்-410ஏயின் வெப்பமாக்கும் திறன் 1,924 (ஒரு கிலோ, 1,924 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்), 12 கிலோவுக்கு 23.1 டன். ஆண்டு முழுக்கச் சோறு பொங்கிய கேஸைப்போல் மூன்று மடங்குக்கு மேல், ஏசியில் கசிந்த 12 கிலோ! பலருடைய கணக்கில் இந்த வரியே இருக்காது. மின்சாரம்: மத்திய மின்சார ஆணையத்தின் தரவுத்தளத்தில் 2023-24-க்கான சராசரி யூனிட்டுக்கு 0.727 கிலோ. ஆக 1,046.9 டன். ஸ்கோப் 1 மொத்தம் 78 டன், ஸ்கோப் 2 அதைப்போல் 13 மடங்கு. எந்த எண்ணில் அதிகக் கவனம் வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும். மாதப் பில்லில் ஒரு பக்கம் தவறினால் போகும் டன்னை, கேன்டீன் சிலிண்டரைப் பத்து முறை எண்ணினாலும் பிடிக்க முடியாது.

மின்சாரத்தில் தவறு நேரும் இடங்கள் பல. மீட்டரில் தெரியும் எண்ணை நேராக எடுத்துப் பெருக்கும் காரணியை மறப்பது ஒன்று. அதைவிடத் தமிழ்நாட்டுக்கே உரிய பெரிய தவறு, காற்றாலைச் சரிக்கட்டல். பல ஆலைகள் சேர்ந்து தங்களுக்கென மின்நிலையம் வைத்துக்கொள்ளும் குரூப் கேப்டிவ் முறையில் முப்பந்தல் பக்கமோ பாலக்காட்டுக் கணவாய் பக்கமோ உள்ள காற்றாலையில் பங்கு வைத்திருந்தால், அங்கே உற்பத்தியான யூனிட்டுகளைக் கழித்துத்தான் மின்வாரியம் பணம் கேட்கும். கணக்குப் பிரிவு பணம் கட்டிய யூனிட்டைத்தான் உங்களுக்குத் தரும். நீங்கள் எடுக்க வேண்டியது ஆலை உண்மையில் இழுத்த மொத்த யூனிட். ஜிஹெச்ஜி புரோட்டோகாலின் 2015 ஸ்கோப் 2 வழிகாட்டி இரண்டு எண் கேட்கிறது. இட அடிப்படையில்: மொத்தம் 14.4 லட்சம் யூனிட்டுக்கும் மின்கட்டச் சராசரி, 1,046.9 டன். சந்தை அடிப்படையில்: 6 லட்சம் யூனிட் காற்றாலையிலிருந்து என்றால் மீதி 8.4 லட்சத்துக்கு மட்டும், 610.7 டன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும். காற்றாலை எண்ணைக் கோரும் முன், அந்த மின்சாரத்துக்கான புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழைத் தனியே விற்கவில்லை என்று காற்றாலை நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். விற்றிருந்தால் பசுமைப் பெயர் சான்றிதழை வாங்கியவருக்குப் போய்விட்டது.

இங்கே அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்று: தமிழ்நாட்டில் காற்றாலையும் சூரியசக்தியும் அதிகம், அதனால் நம் உமிழ்வுக் காரணி (யூனிட்டுக்கு எத்தனை கிலோ என்ற எண்) குறைவாகத்தானே இருக்க வேண்டும்? தென்மண்டல மின்கட்டம் 2013 டிசம்பர் 31 அன்று தேசியக் கட்டத்தோடு இணைந்துவிட்டது. ஆணையம் நாடு முழுவதற்கும் ஒரே காரணிதான் தருகிறது. இதைவிட மோசம், பிரிட்டன் அரசின் உமிழ்வுக் காரணி அட்டவணையை இறக்கி அதில் உள்ள மின்சார எண்ணைப் போடுவது. அது அந்நாட்டுக் கட்டத்துக்கானது, சுமார் 0.2 கிலோ, உங்கள் ஸ்கோப் 2 முக்கால் பாகத்துக்கு அருகே மாயமாகிவிடும். அதே அட்டவணையில் டீசலுக்கு இரண்டு எண் இருக்கும். பெட்ரோல் பங்கில் விற்கும் டீசல் உயிரி எரிபொருள் கலந்தது, அதனால் 2024 பதிப்பில் 2.51, கலப்பில்லாதது 2.66. நாம் எடுக்க வேண்டியது இரண்டாவதற்குப் பக்கத்தில். பெட்ரோல் வண்டிகளில் இதன் மறுபக்கம்: இங்கே இப்போது 20 சதவீத எத்தனால் கலப்பு. எத்தனாலின் கார்பன் டை ஆக்சைடு உயிர்மூலம் சார்ந்தது, ஸ்கோப்புக்கு வெளியே தனியாகக் காட்டப்படும். கடலைத்தோல் பிரிக்கெட், விறகு எரிக்கும் பாய்லருக்கும் இதே விதி. ஆனால் அதிலிருந்து வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் ஸ்கோப் 1-க்கு உள்ளேதான்.

எரிவாயுவும் நிலக்கரியும் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. நம் ஆய்வகங்களும் எரிவாயு பில்லும் தருவது மொத்த எரிமதிப்பு, அதாவது புகையில் நீராவியோடு போய்விடும் வெப்பத்தையும் சேர்த்தது. ஐபிசிசி காரணிகள் அதைக் கழித்த நிகர எரிமதிப்புக்கானவை. மாற்றாமல் பெருக்கினால் நிலக்கரியில் சுமார் 5 சதவீதம், இயற்கை எரிவாயுவில் சுமார் 10 சதவீதம் கூடுதலாகக் காட்டுவீர்கள்.

அம்பத்தூர் மாதிரி இடத்தில் ஸ்கோப் 1-இல் விடுபடுவன எரிபொருள் என்ற பெயரில் வராத பொருள்கள்தாம். ஹீட் ட்ரீட்மென்ட் உலையில் சொட்டவிடும் மெத்தனால் ஸ்டோர்ஸ் கணக்கில் ரசாயனம். அதன் கார்பன் முழுக்க எரிந்தால் கிலோவுக்கு 1.375 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கேஸ் கட்டிங்குக்கான அசிட்டிலின் கிலோவுக்கு 3.38. மிக் வெல்டிங் சிலிண்டரில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அப்படியே காற்றில் போகிறது. 30 கிலோ சிலிண்டர் என்றால் 30 கிலோ, ஆர்கான் கலவை என்றால் அதன் பங்கு மட்டும். தீயணைப்புக் கருவிகளில் கார்பன் டை ஆக்சைடு வகை கணக்கில் வரும், ஏபிசி பவுடர் வகை வராது. உயர் அழுத்த சுவிட்ச்கியரில் எஸ்எஃப்6 என்ற மின்காப்பு வாயு இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்; அதன் வெப்பமாக்கும் திறன் 23,500, எனவே ஒரு கிலோ கசிந்தாலும் 23.5 டன்.

குளிர்வாயுவுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் ஆதாரம் இல்லாமல் நிற்பது அதுதான். ஏசி மெக்கானிக் எழுதித் தரும் சீட்டில் 'கேஸ் ஃபில்லிங் செய்யப்பட்டது' என்று மட்டும் இருக்கும். எத்தனை கிலோ, எந்த வாயு என்று இருக்காது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேருங்கள்: நிரப்பும் முன்னும் பின்னும் சிலிண்டரை எடைபோட்டுச் சீட்டில் எழுத வேண்டும், வாயுவின் பெயரும் வேண்டும். பழைய ஏசியில் ஆர்-22 இருந்தால் அது ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வருவது. ஸ்கோப் 1 மொத்தத்தில் சேர்க்காமல் தனி வரியில் காட்டுங்கள். புதிய ஆர்-32 எந்திரங்களின் மதிப்பு 677. மாற்றும்போது பழைய எந்திரத்தின் வாயுவை வெளியே திறந்துவிட்டால் அந்த ஆண்டுக் கணக்கில் அது உமிழ்வுதான்.

டீசலில் வாங்கியது வேறு, எரித்தது வேறு. தொடக்க இருப்பு, கூட்டல் கொள்முதல், கழித்தல் இறுதி இருப்பு. ஒரே பேரலிலிருந்து ஜெனரேட்டருக்கும் ஃபோர்க்லிஃப்டுக்கும் ஊற்றினால் பேரல் கணக்கையே மொத்தமாக எடுங்கள். ஜெனரேட்டர் ஓடிய மணியை வைத்துத் தனியாகவும் சேர்த்தால் இரண்டு முறை எண்ணியதாகும். ஓடிய மணிக் கணக்கு சரிபார்க்கத்தான்.

பின்வரும் ஆண்டுகளை ஒப்பிடுவதற்கான அடிப்படை ஆண்டைத் தேர்வதில் சென்னைக்காரர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் உங்கள் ஆலை நின்றிருந்தால் 2023-24-இல் உற்பத்தி குறைவு, ஜெனரேட்டர் டீசல் அதிகம். அதை அடிப்படையாக வைத்தால் பின்வரும் ஆண்டுகளின் ஒப்பீடு முழுக்கக் கோணலாகும். ஐரோப்பிய வாடிக்கையாளர் ஜனவரி முதல் டிசம்பர் வரை கேட்பார், செபி வழி வருபவர் ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஆண்டு மொத்தமாக வைக்காமல் மாதவாரியாக வைத்தால் இரண்டுக்கும் ஒரே தாள் போதும்.

ஸ்கோப் 3-இல் 15 வகை. எல்லாவற்றையும் முதல் ஆண்டே போடப் புறப்படாதீர்கள். உதிரிபாக ஆலையில் எஃகுதான் ராஜா. இந்திய எஃகின் சராசரி டன்னுக்கு 2.5 டன் அளவில் இருக்கிறது. ஆண்டுக்கு 1,500 டன் வாங்கினால் 3,750 டன், உங்கள் ஸ்கோப் 1, 2 இரண்டையும் சேர்த்ததுபோல் மூன்று மடங்குக்கு மேல். ஆகவே நேரத்தை ஆலை மேசையில் செலவிடாமல், எஃகு சப்ளையரிடம் அவருடைய எண்ணைக் கேட்பதில் செலவிடுங்கள். 2024 டிசம்பரில் எஃகு அமைச்சகம் வெளியிட்ட பசுமை எஃகு வகைப்பாட்டில் டன்னுக்கு 2.2-க்குக் கீழ் இருந்தால்தான் நட்சத்திரமே, 1.6-க்குக் கீழ் போனால் ஐந்து நட்சத்திரம். ரூபாய்ச் செலவை வைத்து அமெரிக்க அட்டவணையால் பெருக்கும் முறையைக் கடைசிக்கு வையுங்கள். எஃகு விலை ஏறினால் உங்கள் உமிழ்வும் ஏறியதாக அது காட்டும். ஓர் ஆணிகூடக் கூடுதலாக வாங்கியிருக்க மாட்டீர்கள். டேங்கர் தண்ணீர் பற்றி நம் ஊரில் கட்டாயம் யாராவது கேட்பார்கள். லாரி ஓடும் தூரத்தையும் மைலேஜையும் கேட்டு டீசலாக்கிவிடலாம். எண் சிறிதாகத்தான் வரும், ஒரு வரியில் முடித்துவிடுங்கள்.

ஓஎம்ஆர் பக்கம் ஐடி அலுவலகத்தில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு: வாடகைக் கட்டடத்தின் பொது ஜெனரேட்டர் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, ஆகவே அதன் மின்சாரம் உங்களுக்கு ஸ்கோப் 2. கட்டட நிர்வாகம் ரூபாயில் மட்டும் பில் தரும். யூனிட்டும் டீசல் லிட்டரும் கேட்டு வாங்குங்கள். லிட்டருக்கு 3.4 யூனிட் வந்தால் யூனிட்டுக்கு 0.79 கிலோ, கட்ட மின்சாரத்தைவிட அதிகம்.

சரிபார்ப்புக்கு ஆள் வரும்போது அவர் மொத்த எண்ணை முதலில் பார்ப்பதில்லை. ஏதோ ஒரு மாதத்தைத் தொட்டு, "இந்த 1,18,640 எங்கிருந்து வந்தது, பில்லைக் காட்டுங்கள்" என்பார். அதனால் எக்செல் தாளில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஆதாரக் கோப்பின் பெயர், காரணி எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று தனிப் பத்திகள் வையுங்கள். காரணிகளைச் சூத்திரத்துக்குள் புதைக்காமல் தனித் தாளில் வைத்து இணையுங்கள். ஆணையம் புதிய பதிப்பு வெளியிடும்போது ஓரிடத்தில் மாற்றினால் போதும். வெப்பமாக்கும் திறனுக்கு ஐந்தாம் அறிக்கையோ ஆறாம் அறிக்கையோ, ஒன்றை எடுத்தால் தாள் முழுக்க அதுவே. மீத்தேனுக்கு நான்காம் அறிக்கையின் 25-ம் குளிர்வாயுவுக்கு ஐந்தாம் அறிக்கையின் மதிப்பும் கலந்து கிடப்பது, இணையத்தில் இறக்கிய இலவச வார்ப்புருக்களில் சகஜம். கிடைக்காத மாதத்துக்கு மதிப்பீடு போட்டால் அந்தக் கட்டத்துக்கு நிறம் கொடுத்து எப்படி மதிப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். மதிப்பிட்டதைச் சரிபார்ப்பாளர் குற்றமாக எடுப்பதில்லை, மறைத்ததைத்தான் எடுப்பார்.

வேலையின் வரிசை இப்படி இருந்தால் சரியாக வரும்: இந்த மாதம் பில் திரட்டுங்கள், ஏசி ஒப்பந்த நிபந்தனையை உடனே மாற்றுங்கள், ஏனென்றால் நிரப்பிவிட்ட வாயுவைப் பின்னால் எடைபோட முடியாது. அடுத்து ஸ்கோப் 1, 2-ஐக் கரடுமுரடாக ஒருமுறை போட்டுப் பாருங்கள். எங்கெல்லாம் தடுக்கியது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஐஎஸ்ஓ 14064-1 பயிற்சிக்குப் போங்கள். கணக்கை வாடிக்கையாளருக்கு அனுப்புவதோடு, எல்லை, காரணி, விடுபட்டவை மூன்றையும் சொல்லும் இரண்டு பக்கக் குறிப்பையும் அனுப்பினால் அவர் பக்கத்திலிருந்து திரும்பி வரும் கேள்விகளில் பாதி வராது.